கையடக்க லேசர்: கண்ணை நம்பினால் ஏமாறும் இடங்கள்

"மங்கலாத்தானே தெரியுது, இது என்ன செஞ்சிடும்?" லேசர் வாங்கியவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். முதன்முதலில் ஓர் ஊதா லேசரைக் கையில் எடுத்தபோது நானும் இதையேதான் சொன்னேன்.

தப்பு. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சையைத்தான் நன்றாகப் பிடிக்கும், அங்கிருந்து சிவப்புப் பக்கமோ நீலப் பக்கமோ நகர நகர உணர்திறன் மளமளவென்று சரியும். ஒரே பவரில் வைத்துப் பார்த்தால் 532 பச்சை, 650 சிவப்பைவிட எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். 450 நீலத்தைவிட இருபது மடங்குக்கு மேல், 405 ஊதாவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரு வாட் நீல லேசரும் வெறும் 45 மில்லிவாட் பச்சை லேசரும் கணக்குப்படி ஏறக்குறைய ஒரே வெளிச்சம்தான். ஆனால் விழித்திரையைச் சுடுவது வெளிச்சம் அல்ல, அங்கே போய்ச் சேரும் மில்லிவாட். போதாக்குறைக்கு, நீலமும் ஊதாவும் சூட்டால் மட்டுமில்லாமல் வேதிமாற்றத்தாலும் விழித்திரையைக் கெடுக்கக்கூடியவை.

வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்து "நல்லா பளிச்சுன்னு இருக்கே" என்று ஊதாவுக்கு மார்க் போடுவதும் வீண். தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் 405-ஐ உறிஞ்சி நீலமாக ஒளிர்கிறது, நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அடுத்தது லேபிளை நம்புவது. ஆபத்தின் அளவைப் பொறுத்து லேசர்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் எல்லாமே 4. வகுப்பு 2-இல் மட்டும்தான், கால் நொடிக்குள் தானாக இமை மூடிக்கொள்ளும் என்ற கணக்கு நம்மைக் காப்பாற்றுகிறது. சக்தி வாய்ந்த லேசருக்கு அந்தக் கால் நொடி தாராளம். சரி, லேபிளில்தான் "5-க்குக் கீழே" என்று இருக்கிறதே என்றால், அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 122 பாயிண்டர்களை அளந்து 2013-இல் சொன்ன முடிவு இது: பச்சையில் சுமார் 90 சதவீதம், சிவப்பில் சுமார் 44 சதவீதம் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை.

பச்சை ஏன் இவ்வளவு மோசம்? பல பச்சை பாயிண்டர்கள் நேரடியாகப் பச்சையை உண்டாக்குவதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டும், அது 1064-ஐக் கொடுக்கும், இன்னொரு படிகம் அதைப் பாதி அலைநீளமாக்கி 532 ஆக்கும். முதல் இரண்டும் அகச்சிவப்பு. கடைசியில் அதைத் தடுக்க ஒரு ஃபில்டர் வேண்டும், காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் கழற்றி விடுவது அதைத்தான். பச்சை மங்கலாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்போம், அதே துளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வந்துகொண்டிருக்கும், அதற்கு இமையும் மூடாது. இந்த வகை லேசர் குளிரில் மங்குவதும், சூடேறும்போது பவர் ஏறி இறங்குவதும் இயல்பு. மங்கிவிட்டது என்று துளைக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் உண்மையிலேயே உண்டு! பேட்டரியைக் கழற்றாமல் அந்தப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே கூடாது.

லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். "பச்சைக்குச் சிவப்புக் கண்ணாடி" என்று பொத்தாம்பொதுவாக எடுத்தால், 532-ஐத் தடுத்துவிட்டு 808-ஐ அப்படியே விடும் பிளாஸ்டிக்காகவும் அது இருக்கலாம். எந்த அலைநீளத்திலிருந்து எது வரை, எவ்வளவு ஓடி (OD, ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கூலிங் கிளாஸ் இதில் சேர்த்தியே இல்லை. நல்ல கண்ணாடி போட்டிருந்தாலும் கதிரை நேராகப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை, அது தவறிப் படுவதற்கான காப்பு. வகுப்பு 4-இல் சுவரில் விழும் புள்ளியைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே ஆபத்தாகலாம், கைக்கடிகாரம், ஜன்னல் கண்ணாடி, டைல்ஸில் பட்டுத் தெறிக்கும் கதிர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கதிரின் தரத்துக்கு வருவோம். நீல லேசரின் புள்ளி வட்டமாக இல்லாமல் கோடு மாதிரி நீண்டிருந்தால் பழுது என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதிக பவர் நீல டயோடுகளின் சுபாவமே அது, ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் விரியும். புள்ளிக்குள் மணல் தூவியது போல மினுக்குவதும் குறையல்ல, எல்லா லேசருக்கும் உள்ள குணம். தலையை அசைத்தால் அந்த மணலும் நகரும், கிட்டப்பார்வை உள்ளவருக்கு எதிர்த்திசையில் நகர்வது போலத் தெரியும். எனக்குப் பிடித்த வேடிக்கை இதுதான், ஆனால் 1 மில்லிவாட்டுக்குள் மட்டும். புள்ளியைச் சுற்றி ஒளி சிதறினால் லென்ஸில் தூசியோ விரல் ரேகையோ இருக்கலாம், சட்டை நுனியால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

பவரைக் கூட்டினால் தூரம் போகும் என்பதும் அரைகுறை உண்மை. இரண்டு மடங்கு பவர் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது. தூரத்தைத் தீர்மானிப்பது விரிகோணம்: 1 மில்லிரேடியன் என்றால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர். கதிரை முதலில் அகலமாக்கி அனுப்பினால் விரிவு குறையும், அதற்குத்தான் பீம் எக்ஸ்பாண்டர்.

இரவில் வானத்தில் அடித்தால் கதிர் ஓரிடத்தில் முடிந்து நிற்பது போலத் தெரியும். முடிவதில்லை, அது வெறும் பார்வைக்கோணம். அதே கதிர் 3 கிலோமீட்டர் தள்ளி 3 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும், விமானி அறையின் கண்ணாடியில் பட்டுச் சிதறி உள்ளே இருப்பவர்களுக்கு எதிரே எதுவுமே தெரியாமல் செய்துவிடும், அதுவும் தரையிறங்கும் நேரத்தில். விமானத்தைத் தொடவில்லை, சும்மா பக்கத்தில்தான் காட்டினேன் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

சில லேசர்களின் முனையில், கதிரைப் பல புள்ளிகளாக, நட்சத்திரமாகச் சிதறடிக்கும் மூடி இருக்கும்; அதைக் கழற்றினால் அத்தனை புள்ளிகளின் பவரும் ஒரே கதிரில் வரும், குழந்தைகள் கையில் அது எத்தனை நேரம் கழலாமல் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அப்புறம், கதிரை எதிரே நின்று போனில் படம் எடுத்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழ வாய்ப்புண்டு.

கண்ணில் பட்டேவிட்டதா? தேய்க்காதீர்கள். கூச்சமும் நிழல் புள்ளியும் சில நிமிடங்களில் போய்விட்டால் பெரும்பாலும் பயமில்லை. போகாமல் நின்றாலோ, நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள், வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், விழித்திரையில் வலி நரம்பு கிடையாது. போகும்போது அந்த லேசரையும் எடுத்துப் போங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு.