என்விவோ புராஜெக்ட்களை ஒன்றாக்கியபோது நேர்காணல்கள் இரட்டித்த கதை

என்விவோ என்பது நேர்காணல் போன்ற தரவுகளை அலச உதவும் மென்பொருள். அதில் நான்கு பேர் தனித்தனியாகக் கோடிங் செய்த (பேச்சின் பகுதிகளுக்குக் கருப்பொருள் குறியிட்ட) புராஜெக்ட்களை ஒன்றாக்கியதும், ஒரே நேர்காணல் இரண்டு கோப்பாக வந்து நின்றது. பெயர், இருக்கும் ஃபோல்டர், உள்ளடக்கம் மூன்றும் அப்படியே பொருந்தினால்தான் என்விவோ இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். ஒரு பிரதியில் "வேலைக்கு போனேன்" என்பது "வேலைக்குப் போனேன்" ஆகியிருந்தது. அந்த ஒரு "ப்" போதும்.

முதலில் தாய்க் கோப்பை, அதாவது எல்லாம் வந்து சேரும் புராஜெக்ட்டை, வேறு பெயரில் பிரதி எடுத்தேன். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. பிறகு திருத்திய பிரதியில் அந்த எழுத்தை நீக்கி, இறக்குமதி செய்யும்போது புதிதாக உருவாக்காமல் ஏற்கெனவே உள்ளதுடன் இணைக்கும் தெரிவைக் கொடுத்தேன். கோடிங் தொடங்கிய பின் மூலப்பிரதியில் யாரும் கைவைக்கக் கூடாது. பிழைகளை மெமோவில் குறித்தால் போதும்.

பயனர் பெயரையும் பாருங்கள். ஒரே கணினியில் இருவர் வேலை செய்தால், திறக்கும்போதே பயனரைக் கேட்கும் அமைப்பை இயக்குங்கள். இல்லையேல் இருவர் வேலையும் ஒருவர் கணக்கில் சேரும்; ஒப்பிடவே முடியாது.

இருவர் கோடிங் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிடும்போது சதவீதத்தை நம்பாதீர்கள். 10,000 எழுத்துள்ள நேர்காணலில் ஒருவர் 300 எழுத்தையும் மற்றவர் வேறு 300 எழுத்தையும் ஒரே கருப்பொருளில் குறித்தால், உடன்பாடு 94% என்று வரும். உண்மையில் ஓர் எழுத்தில்கூட இருவரும் சேரவில்லை. தற்செயலான உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கப்பா மதிப்பு ஏறக்குறைய -0.03. எழுத்துக் கணக்கில் ஒப்பிடுவதால், வாக்கியத்தில் பாதியைக் குறிப்பதா, பதில் முழுவதையுமா என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். பதில் முழுவதும் என்பதே எனக்குச் சரியாக வந்தது.