பழைய ரிலீஸை ஓரங்கட்டும்போது செய்யக்கூடாதவை

மென்பொருள் ரிலீஸில் (வெளியிடும் பதிப்பில்) பதிப்பெண்ணைத் தப்பாகப் போடுவது, ரிலீஸ் நோட்ஸ் எழுத மறப்பது எல்லாம் ஒரே நாளில் திருத்தக்கூடியவை. அவற்றை விட்டுவிடலாம். கோவை, ஈரோடு பக்கம் படிப்பு முடித்த கையோடு ஓப்பன் சோர்ஸ் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருள்) பராமரிப்புக்கு வரும் இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குகிற இடங்கள் வேறு.

கோப்பையே அழிப்பது

"சப்போர்ட் முடிஞ்சுதுங்க, அதனால 1.4 ஃபைல் எல்லாத்தையும் எடுத்துட்டேனுங்க." இதை எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் குறைவதில்லை. சப்போர்ட்டை நிறுத்துவது உங்கள் உரிமை. கோப்பை அழிப்பது அடுத்தவர் கட்டி முடித்த சுவரிலிருந்து கல்லை உருவுகிற வேலை. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரி லேப் 1.4.2 என்று பதிப்பைப் பூட்டி (அது மட்டுமே வேண்டும் என்று குறித்து) வைத்திருந்தால், அடுத்த செமஸ்டருக்கு மெஷின்களில் மறுபடி ஏற்றும்போதுதான் 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வரும். நீங்கள் அழித்தது அதற்குப் பல மாதம் முன்னால் இருக்கும். லேப் அசிஸ்டென்ட் நெட் கனெக்‌ஷனைத்தான் சந்தேகப்படுவார்.

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கு) நீக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றித்தரும் பேபல் உட்பட, அதைச் சார்ந்திருந்தவற்றின் பில்டுகள் (நிரலைத் தொகுக்கும் வேலைகள்) உலகம் முழுக்க உடைந்தன. அதன் பிறகுதான் குறிப்பிட்ட நேரம் (முதலில் 24 மணி, பின்னர் 72 மணி) தாண்டிய வெளியீட்டை நீக்க என்பிஎம் கடும் நிபந்தனை போட்டது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஆர்க்கைவ் சர்வருக்கு (பழையவற்றைச் சேமிக்கும் இடம்) நகல் எடுங்கள்; வெளியிட்டவர் யாரென்று காட்டும் கையொப்பக் கோப்பும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் செக்சம் கோப்பும் கூடவே போக வேண்டும். நகலின் எஸ்எச்ஏ-512ஐ (ஒருவகைச் செக்சம்) அங்கேயே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பிறகு பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 (நிரந்தரமாகத் திருப்பிவிடும் குறி) போட்டு, ஏதாவது வேறு மெஷினிலிருந்து இறக்கிப் பாருங்கள். இவ்வளவும் ஆன பிறகே முதன்மை மிரரிலிருந்து (எல்லோரும் இறக்கும் சர்வர்) எடுக்கலாம். அவசரத்தில் கடைசிப் படியை முதலில் செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஆர்க்கைவில் இருந்தால் மட்டும் போதாது, வழியும் இருக்க வேண்டும். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. பேக்கேஜ்கள் அதன் ஆர்க்கைவான வால்ட் சர்வரில் பத்திரமாகவே இருந்தன. மிரர் பட்டியல் கொடுக்கும் முகவரிதான் இயங்கவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி மூலையில் கவனிப்பாரற்று ஓடும் சர்வரில் யம் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) கொடுத்தால் "ஹோஸ்ட் கிடைக்கவில்லை" என்று நிற்கும். எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெப்போ கோப்பில் மிரர்லிஸ்ட் வரியை முடக்கி, நேரடி முகவரியான பேஸ்யூஆர்எல்லை வால்ட்டுக்கு மாற்றினால் சரியாகும். அதை அங்கே யார் அறிவார்?

வயதானதற்கு யாங்க் செய்வது

யாங்க் (கோப்பை அழிக்காமல், புதிதாக யாரும் நிறுவ வேண்டாம் என்று குறிப்பது) என்பது உடைந்த ரிலீஸுக்கான மருந்து. பைதான் மொழியின் பேக்கேஜ் கிடங்கான பைபிஐயில் யாங்க் செய்ததை, இரட்டைச் சமக்குறி (==) போட்டுப் பதிப்பைப் பூட்டியவர்களுக்கு மட்டும் அதன் நிறுவல் கருவியான பிப் எச்சரித்துக் கொடுக்கும், மற்றவர்களுக்குத் தராது. ரஸ்ட் மொழியின் கார்கோவிலும், லாக் கோப்பில் (பூட்டிய பதிப்புகளின் பட்டியல்) இருப்பது தொடர்ந்து கிடைக்கும். பழசு என்பதற்காக மட்டும் யாங்க் செய்தால், பழைய மெஷின்காரர்களுக்கு ஓடக்கூடிய கடைசிப் பதிப்பும் மறைந்துவிடும்.

ரிக்வயர்ஸ்-பைதான் போடாமல் பழைய பைதானைக் கைவிடுவது

எந்தப் பைதான் பதிப்பு தேவை என்று சொல்லும் இந்த வரி மெட்டாடேட்டாவில் (பேக்கேஜைப் பற்றிய விவரங்கள்) இருந்தால், பழைய பைதானில் இருப்பவருக்குப் பொருந்தும் கடைசி ரிலீஸைப் பிப் தானே தேர்ந்தெடுக்கும். பிப் 9.0 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. ஒரே ஒரு ரிலீஸில் விட்டுப்போனாலும் எல்லாப் பழைய மெஷினும் அதைத்தான் இழுக்கும். அடுத்த ரிலீஸில் வரியைச் சேர்த்தாலும் தீராது. விட்டுப்போன அந்த ஒன்றை யாங்க் செய்யுங்கள். யாங்க் சரியாகப் பொருந்துகிற இடம் இது.

"விரைவில் நிறுத்துவோம்" என்பது

நாள், மாதம், ஆண்டு வேண்டும். பைதான் 2.7க்கு 2015 என்றிருந்த கெடுவை, 2014லேயே அறிவித்து 2020க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1 என்ற நாளும் குறித்தார்கள். கடைசி ரிலீஸான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. கல்லூரிகள் பயன்படுத்தும் மென்பொருளென்றால் செமஸ்டர் நடுவில் கெடு வைக்காதீர்கள்.

கிட் டேகை நீக்குவது

வேண்டாம். நிரலின் மாற்றங்களைப் பதியும் கிட்டில் டேக் என்பது ஒரு ரிலீஸின் நிரலைச் சுட்டும் பெயர்; பிராஞ்சை (தனியாகப் போகும் நிரல் கிளையை) மூடினாலும் டேக் இருக்கட்டும்.

பழைய ஆவணங்களைத் தூக்குவது

மேலே ஒரு எச்சரிக்கைப் பட்டை, புதிய பதிப்புக்கு கேனானிக்கல் லிங்க் (இதுதான் முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்வது). போதும்.

காலாவதியான சாவியை நீக்குவது

ரிலீஸின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைச் சாவிக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டால், அந்தச் சாவியால் கையொப்பமிட்ட ஆர்க்கைவ் ரிலீஸ் எதையும் இறக்குபவர் சரிபார்க்க முடியாது. காலாவதி என்று குறித்து, அங்கேயே விடுங்கள்.