புதிய ஆயுதச் செய்தியை எடைபோடுவது எப்படி?

ஒலியைப் பன்மடங்கு விஞ்சும் ஏவுகணையொன்று சோதிக்கப்பட்டது என்றோ, செயற்கை நுண்ணறிவு படைத் தலைமையகத்துக்குள் நுழைந்துவிட்டது என்றோ செய்தி வரும்போது, கருவியின் பெருமையை ஒதுக்கிவிட்டு, முதல் அடி வாங்கிய நாடு திருப்பி அடிக்கும் ஆற்றலை அது குறைக்கிறதா என்று கேளுங்கள். அணு ஆயுதத் தடுப்பு, அதாவது பதிலடிக்கு அஞ்சி எவரும் முதலில் தாக்காதிருக்கும் நிலை, முழுவதும் அந்தப் பதிலடி உறுதியின் மேல்தான் நிற்கிறது.

இவ்வாறு பார்த்தால் வேகம் மட்டுமே பெரிய செய்தி அன்று என்பது விளங்கும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் பழைய வகை ஏவுகணையே ஏறத்தாழ 30 நிமிடங்களில் இலக்கை அடைந்துவிடும். ரஷ்யா 2019இல் பணியில் சேர்த்த, ஒலியைப் பன்மடங்கு விஞ்சும் அவன்கார்ட் ஆயுதத்தின் புதுமை, அது தாழ்வாகவும் திசைமாறியும் பறப்பதால் தரை ரேடார்களுக்குத் தாமதமாகத் தென்படும் என்பதே. கடலடியில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் உணரிகளைப் பற்றிய செய்திகளையே நான் இதைவிடக் கவலையுடன் படிக்கிறேன். பதிலடியின் கடைசிப் புகலிடம், அணு ஏவுகணைகளுடன் மறைந்து திரியும் அந்தக் கப்பல்கள்தாம்.

அடுத்து, முடிவெடுப்பவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பாருங்கள். 1979 நவம்பர் 9 அன்று, பயிற்சிக்கான தரவு அமெரிக்க எச்சரிக்கைக் கணினிகளில் உண்மைத் தாக்குதலாகத் தோன்றியது. 1983 செப்டம்பர் 26 அன்று, மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் என்று அறிவித்தது. ஐந்தே ஏவுகணைகளால் எவரும் போரைத் தொடங்கமாட்டார்கள் என்று எண்ணிய அதிகாரி ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், அதைப் பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குத் தெரிவித்தார். அப்படி ஐயப்படுவதற்கு ஒரு மனிதருக்கு இடம் தராத எந்தக் கருவியும், எவ்வளவு துல்லியமானதாயினும், ஆபத்தானது. அணு ஆயுதத்தைப் பயன்படுத்தும் முடிவு மனிதர் கையிலேயே இருக்க வேண்டும் என்று பைடனும் ஷி ஜின்பிங்கும் 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டது இதனாலேயே முக்கியமானது. சைபர் ஊடுருவலையும் இப்படியே அளக்கலாம்: எச்சரிக்கை அமைப்புக்குள் உளவு பார்க்க நுழைந்தவரையும் அதை முடக்க நுழைந்தவரையும் உடனே பிரித்தறிய முடியாது.

கடைசியாக, அந்த ஆயுதத்தை உரிமை கொண்டாடும் நாட்டைத் தவிர வேறு யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடுங்கள். அவன்கார்டை 2019 நவம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் நேரில் பார்த்தார்கள். அதற்கு வழிசெய்தது, அமெரிக்காவும் ரஷ்யாவும் களத்தில் நிறுத்தும் அணுகுண்டு முனைகளைத் தலா 1,550க்குள் நிறுத்திய புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம். நேரடி ஆய்வுகள் 2020இல் நின்றன. 2023இல் ரஷ்யா தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. அதன்பின் வரும் ஆயுத அறிவிப்புகளை, சரிபார்க்கப்படாத கூற்றுகள் என்றே குறித்துக்கொண்டு படியுங்கள்.