இரப்பவரைச் சோதிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கடந்த தை அமாவாசையன்று, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரைக்கு எங்களோடு முதன்முறையாகச் சேவைக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், பிச்சை கேட்டு அமர்ந்திருந்த முதியவரிடம் கால்மணி நேரம் விசாரித்துவிட்டு வந்து, "ஐயா, இவர் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, இவர் உண்மையானவர் இல்லை" என்றார். பதினோர் ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் நான் சொன்ன சொற்கள் இவை. கெட்டுப்போன சோற்றைக் கொடுக்கலாகாது, அதட்டலாகாது என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால், அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதுகிறேன்.

பேச்சில் முரண் கண்டதும் பொய்யர் என்று முடிவு கட்டுவது

அந்த ஆண்டு மகாளய அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகும், தெலுங்கு பேசும் மூதாட்டி ஒருவர் சன்னதித் தெருவிலேயே தங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் விசாரித்தபோது, ஒருநாள் மூன்று மகன்கள் என்றார். மறுநாள் பிள்ளையே இல்லை என்றார். மூன்றாம் நாள் ஒரே மகன் என்றார். எங்கள் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே "பொய்" என்று எழுதினேன். அப்படி எழுதியதால், காணாமற்போனவராக இருக்கலாம் என்று காவல் நிலையத்தில் சொல்லவும் இல்லை, அவருடைய ஊரைத் தேடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, தெலுங்கு நன்கறிந்த சங்குக் கடைக்கார அம்மா அந்த மூதாட்டியோடு ஒரு மாலை முழுவதும் பேசியிருந்தார். மூன்று மகன்களில் இருவர் இறந்துவிட்டார்கள். இறந்தது நினைவிருக்கும் நாளில் ஒருவர், நினைவில்லாத நாளில் மூவர், அழுகை வந்துவிட்டால் எவருமில்லை. நினைவு தடுமாறியவர், யாத்திரைக் கூட்டத்தில் தவறிப்போயிருக்கிறார். அதற்குள் அந்த ஒரே மகன் தாயின் படத்தோடு ரயில் நிலையத்தில் இரண்டு நாள் அலைந்து, ஊர் திரும்பிவிட்டிருந்தார். அவரைக் கண்டுபிடிக்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அந்த மூதாட்டி கடைத் திண்ணைகளில் கழித்ததற்குக் காரணம் நான் எழுதிய அந்த ஒரு சொல்தான். இன்றும் அதை நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

"பாத்திரம் அறிந்து பிச்சை இடு" என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் சொல்வது மெய்யா என்பதும், தேவை இருக்கிறதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். மேற்குக் கோபுரத்தருகே ஆண்டுக்கணக்கில் "ஊருக்குப் போக டிக்கெட் காசு" கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கதை பொய், அவர் காலில் இருந்த ஆறாத புண் மெய். தர்ப்பணம் முடித்துத் தானம் கொடுக்க ஆள் தேடும் யாத்திரிகரிடம் எந்த வாக்கியம் பலிக்கிறதோ, அதையே நாள் முழுவதும் கேட்பவர் திரும்பத் திரும்பச் சொல்வார். எங்கள் குறிப்பேட்டில் "உண்மையானவரா" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பேசும் மொழி, கடைசியாக உண்ட நேரம், உடலில் புண் என்ற மூன்றையும் எழுதுகிறோம்.

முடிச்சில் பணம் இருப்பதைக் கண்டு சினப்படுவது

முகவரியும் ஆதாரும் இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு எளிதில் கிடைக்காது. 2023 முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் ஓய்வூதியமும் அந்தத் தாள்கள் இல்லாதவருக்கு எட்டாது. அவருக்கு இடுப்பு முடிச்சுதான் சேமிப்பு.

குழந்தையோடு இருப்பவரைக் கடத்தல்காரர் என்று கூவுவது

2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டங்கள் பழவேற்காட்டில் ஓர் ஆணையும், போளூர் அருகே கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியையும் அடித்தே கொன்றன. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்; சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து, இருக்கும் இடத்தை மட்டும் சொல்லுங்கள். கூட்டத்தைக் கூட்டாதீர்கள்.

திருவிழாவுக்கு முன் ரயிலேற்றி விடுவது

பலர் அருகிலுள்ள மண்டபம் ரயில் நிலையத்தில் இறங்கித் திரும்பிவிடுவார்கள். நினைவு தடுமாறியவர் மட்டும் தொலைந்துபோவார்.

கேட்காமல் படம் எடுப்பது

எடுக்காதீர்கள்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது

1945ஆம் ஆண்டின் பிச்சைத் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதைத் தொண்டர்கள் சிலர் ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள். டெல்லியில் இத்தகைய சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாதென்றது. தெருவில் இரப்பவரே இருக்கக் கூடாது என்ற மேட்டுக்குடிப் பார்வையை ஏற்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறியது. மிரட்டப்பட்டவர் அடுத்த முறை உங்களைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். பிறகு அவருக்கு மருந்து கட்டுவதும் இயலாது.

மனம் பிறழ்ந்தவரைத் தாமாகவே எங்கேனும் கொண்டுபோய் விடுவது

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் மாண்டார்கள். இந்தக் கடற்கரையில் வேலை செய்யும் எவரும் அதை மறந்துவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. திரிந்தலையும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் கடமையைக் காவல்துறைக்குத் தருகிறது. எனவே முதலில் காவல் நிலையத்துக்குச் சொல்லி, பெயரும் மொழியும் பதிவாகிவிட்டனவா என்று பார்த்த பிறகே நகருங்கள். தை அமாவாசையன்று விசாரித்த முதியவரை அப்படித்தான் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த மாணவரே அவரோடு ஆம்புலன்ஸில் போனார்.