பச்சை வெளிச்சத்தில் பொலிமர் நுண்மணிகள் செய்யும் முறை

யாழ்ப்பாண வெக்கையில் 70 பாகைச் சூட்டுத் தொட்டியை மணிக்கணக்காகக் காத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பொலிமர் ஆக்கும் அந்த வேலையை வெளிச்சம் செய்யும். என்ர மாணவர்களுக்கு நான் சொல்லிக் குடுக்கிற முறை இது.

10 மில்லிலீற்றர் நீர்க்கரைசலுக்கு 2 மில்லிலீற்றர் பொலிஎதிலீன் கிளைக்கோல் டைஅக்ரிலேற் (மணியாகிற பொருள் இதுதான்), 0.3 கிராம் ட்ரைஎதனோலமைன் (சாயத்தோடு சேர்ந்து வினையைத் தொடக்கிவிடுவது), மெல்லிய ரோசா நிறம் வருமளவுக்கு இயோசின் என்ற, ஒளியை உறிஞ்சும் சாயம். பி.எச். 8 அளவில் இருக்கட்டும். அக்ரிலேற் தோலில் ஒவ்வாமை தரும், கையுறை கட்டாயம்.

இதை ஸ்பான் 80 (நீர்த்துளிகள் எண்ணெயில் ஒன்றுசேராமல் காக்கும் பொருள்) கலந்த தேங்காயெண்ணெயில் ஊற்றிக் காந்தக் கிளறியில் வையுங்கோ. தொலுயீன் போன்ற கரைப்பான் வேண்டாம். வேகம் கூடக்கூட மணி சிறுக்கும். மார்கழி விடியலிலும் ஏசி அறையிலும் எண்ணெய் உறையும், கவனம்.

கனபேர் கோட்டைவிடுகிற இடம் ஒட்சிசன். அது சங்கிலி வளரவிடாது. முதலில் நைதரசனைக் குமிழவிட்டு, பிறகு பச்சை எல்.ஈ.டி.யைக் கிட்டக் கொண்டுவாங்கோ. இயோசின் நன்றாக உறிஞ்சுவது 520 நனோமீற்றர் பக்கத்து ஒளியை. ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பாருங்கோ: மூடித்தட்டை மெல்ல அழுத்தினால் மணிகள் ஒன்றோடொன்று கலக்காமல் அமுங்கி, விட்டதும் திரும்ப உருண்டையாக வேணும்.

சவர்க்கார நீரிலும் பிறகு எதனோலிலும் கழுவுங்கோ. கழுவிய நீரைப் போத்தலில் சேர்த்து வையுங்கோ. வளவில் ஊற்றினால் சுண்ணக்கல் வழியே எங்கட கிணற்றுக்குத்தான் போகும்.