தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் இறங்காமல் பார்த்துக்கொள்ள

அம்மாவுக்குத் தைராய்டை முழுசாக எடுத்த மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் "உதட்டைச் சுத்தி ஊசி குத்துற மாதிரி இருக்கு, விரல் நுனியெல்லாம் மரத்துப் போகுது" என்றார். அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். மதியத்துக்குள் விரல்கள் குவிந்து இழுத்துக்கொண்டன, ஓடிப்போய் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினோம்.

தைராய்டின் பின்புறம் அரிசி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும், பெரும்பாலானோருக்கு நான்கு. ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதான். ஆபரேஷனில் அவற்றின் ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைபட்டாலும் சில நாளோ சில வாரமோ சோர்ந்துவிடும். கால்சியம் நன்றாக இறங்குவது 2 முதல் 4 நாளுக்குள், அதாவது பலர் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் டி பாருங்கள், குறைவென்றால் டாக்டரிடம் சொல்லி அப்போதே சரிசெய்யுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. மாத்திரையில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான், டோஸைக் கணக்கிடும்போது இது குழப்பும். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். பான்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரை போடுபவர்களுக்கு அது சரியாகச் சேராது, கால்சியம் சிட்ரேட் கேளுங்கள். கூடவே கால்சிட்ரியால் (உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் வடிவிலான வைட்டமின் டி) எழுதியிருந்தால் விட்டுவிடாதீர்கள், குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு அது வேண்டும்.

பலர் தவறுவது நேரத்தில்தான். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. அம்மாவுக்குக் காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு, சாயங்கால டிபனோடு, ராத்திரிச் சாப்பாட்டோடு. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்க்காதீர்கள்.

பாலும் கேழ்வரகும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இந்த நாட்களில் அது பத்தாது.

மதமதப்பு வந்தால் கூடுதலாக எத்தனை மாத்திரை போடலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். போட்டும் ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், கை இழுத்தாலோ மூச்சுத் திணறினாலோ வலிப்பு வந்தாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. மாறாக, தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள், ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.