கோடை இடிமழை நாளில் குற்றாலம்: மலைமேல் பெய்வதைக் கீழிருந்து கணிப்பது எப்படி?

ஏப்ரல், மே மாதங்களில் குற்றாலத்துக்கு வேன் ஓட்டுகிற தம்பிகள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணாச்சி, மத்தியானத்துக்கு மேல குளிக்கப் போலாமா?" இலஞ்சியில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து மலை நன்றாகவே தெரியும். ஆனாலும் வானத்தை அண்ணாந்து பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவியில் விழுவது மேலே காட்டுக்குள் பெய்த தண்ணீர். கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கும். அதனால் நாம் கணிக்க வேண்டியது, மலைமேல் ஒரே இடத்தில் நின்று கொட்டப்போகிற மழையை.

காலையில் முதல் வேலை, திருவனந்தபுரத்தில் 5:30 மணி அளவில் விடும் வானிலை பலூனின் அளவீட்டைப் பார்ப்பது. வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். 'கேப்' (CAPE) என்ற எண் 2000-ஐத் தாண்டினால் மேகம் உயரமாக வளரத் தெம்பு இருக்கிறது என்று பொருள். மே மாதத்தில் அது தாராளமாக இருப்பது சகஜம். அதை மட்டும் வைத்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம். காற்றிலுள்ள மொத்த ஈரத்தையும் தண்ணீராகப் பிழிந்தால் 55 மி.மீ.க்கு மேல் இருக்கும் என்றால் கொஞ்சம் உஷாராகிறேன். ஆனால் நான் அதிக நேரம் பார்ப்பது காற்றின் வேகத்தைத்தான். 700, 500 ஹெக்டோபாஸ்கல் மட்டங்களில், அதாவது சுமார் 3 கி.மீ., 6 கி.மீ. உயரத்தில், காற்றின் வேகம் 10 'நாட்'டுக்கும் (knot, மணிக்குச் சுமார் 18 கி.மீ.) குறைவா? அப்படியானால் உருவாகிற இடிமேகத்தைத் தள்ளிக்கொண்டு போக ஆளில்லை. பிறந்த இடத்திலேயே கொட்டித் தீர்க்கும். பலத்த காற்றோடு ஓடுகிற மேகம் மரத்தைச் சாய்க்கலாம், கூரையைப் பிய்க்கலாம். அருவியில் நிற்பவருக்கு அதைவிட ஆபத்து, நகராத மேகம்.

அப்புறம் முந்தின நாள் மழை. காலை 8:30-க்கு எடுக்கிற கணக்கில் மலையோரம் நல்ல மழை பதிவாகியிருந்தால் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும். இன்றைய மழை அப்படியே வழிந்து வரும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள். 2020-இல் தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டி முறையில், சிறு நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாக 6 மணி நேர அச்சுறுத்தலும் 24 மணி நேர அபாயமும் கணிக்கிறார்கள்.

பகல் 11 மணிக்கு மேல் இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் மலை முகட்டை ஒட்டி வெள்ளைப் பொட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு மணிக்குள் அவை காலிஃபிளவர் மாதிரித் திரண்டு உயர்ந்தால், அடுத்து ரேடார். திருவனந்தபுரம் ரேடார் நமக்கு அருகில் இருந்தாலும் நடுவில் மலை மறைப்பதால், நம் பக்கச் சரிவில் மழை குறைவாகத் தெரியக்கூடும். எனவே நிறத்தைவிட நகர்வைக் கவனியுங்கள். அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களிலும் 45 டிபிஇசட்-டுக்கு (dBZ, ரேடாரில் மழையின் வலுவைக் காட்டும் அளவு) மேலான திட்டு அதே முகட்டில் நின்றாலோ, ஒன்று கலைந்ததும் அதே இடத்தில் இன்னொன்று முளைத்தாலோ, அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆட்களைத் தண்ணீரைவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? 10 சதுர கி.மீ. காட்டில் ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. பெய்தால் 40 கோடி லிட்டர். பாதியை மண் குடித்தாலும் மீதி 20 கோடி லிட்டர் அந்தப் பாறை இடுக்கு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். சரிவு செங்குத்து, தூரம் குறைவு. எச்சரிக்கை வந்தபின் படியேறித் தப்பிக்கலாம் என்று நினைப்பவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

அருவிக்கரையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்: தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாகும், சருகும் சுள்ளியும் விழ ஆரம்பிக்கும், இரைச்சல் கனக்கும். அருவி திடீரென்று மெலிந்தாலும் சந்தேகப்படுங்கள், மேலே மரமோ மண்ணோ அடைத்திருக்கலாம். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

இடி கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். தாமினி செயலி அக்கம்பக்கத்து மின்னலைக் காட்டும்.

கணித்ததை எழுதி அனுப்புவதிலும் கவனம் வேண்டும். "இடியுடன் மழைக்கு வாய்ப்பு" என்று போட்டால் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். நான் இப்படித்தான் அனுப்புவேன்: "இன்று 2 மணியிலிருந்து 6 வரை பழைய குற்றாலம், ஐந்தருவி வேண்டாம். மலைமேல் மேகம் நகரவில்லை. ஆட்களை ஏற்றி வந்திருந்தால் சாப்பிட வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்." மழை விட்ட பிறகும் காட்டுத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீர் தெளிந்து, போலீஸ்காரர் அனுமதித்த பிறகே அடுத்த செய்தி போடுவேன்.